இரண்டு நாள் லீவு: குடும்பத்தோடு எங்கே தங்கலாம்?

திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை உண்டு. முன்னும் பின்னும் ஒரு ஞாயிறு சேர்ந்துவிட்டால் இரண்டு நாள், சில வருடம் மூன்று நாள் கையில் கிடைக்கும். ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்களும், போய்வரக் கட்டுப்படியாகாதவர்களும் இங்கேயே இருந்துவிடுகிறார்கள். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தம்பானூரிலும் உள்ள நம்மவர் வீடுகளில் அப்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கேயாவது போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமா?"

தாராளமாகப் போகலாம். திருவனந்தபுரத்தைச் சுற்றி மலை, அணை, காடு, கடல் எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். படத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். படம் எடுப்பது பகலில். குடும்பம் தங்கப் போவது இரவில். பகலில் எல்லா இடமும் நல்ல இடம்தான். சூரியன் மறைந்த பிறகு அங்கே விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, பெண்கள் தயக்கமில்லாமல் போகக்கூடிய கழிப்பிடம் உண்டா, கூப்பிட்ட குரலுக்குக் காவலாள் வருவானா என்று பார்ப்பதுதான் குடும்பஸ்தன் வேலை. அழகைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம்.

சக்கரம் வைத்த வீட்டுக்கும் காவல் வேண்டும்

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாகக் கட்டி ஓட்டிக்கொண்டு போவது பெரிய வழக்கம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். அத்தனையும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கிவிடுவார்கள் என்று நாம் நினைப்போம். அப்படியல்ல. இதற்கென்றே அங்கே முகாம் மைதானங்கள் இருக்கின்றன. கே.ஓ.ஏ. என்ற பெயரில் நாடெங்கும் பரவிய மைதானங்களில் முதலாவது 1962-ல் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் என்ற ஊரில் தொடங்கியது. இப்படிப்பட்ட மைதானங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் எண் போட்ட இடம் உண்டு. பெரும்பாலும் அந்த இடத்திலேயே தண்ணீர்க் குழாயும் கரண்ட் இணைப்பும் இருக்கும். கழிவு நீரை இறக்கத் தனி வசதி இருக்கும். இரவு இத்தனை மணிக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்ற விதியும், அதைக் கவனிக்க ஆளும் இருப்பார்கள். அதற்காகத்தான் பணம் கட்டுகிறார்கள். வண்டியில் எல்லாம் இருந்தும் அவர்கள் தேடுவது பொறுப்பான ஓர் இடத்தை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கேரள அரசும் 2021-ல் 'கேரவன் கேரளா' என்ற திட்டத்தை அறிவித்தது. மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022-ல் வாகமண்ணில் திறக்கப்பட்டது. ஆனால் கேரவன் வாடகை மாதச் சம்பளக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் எட்டுகிற காரியமல்ல. நமக்கு எட்டியது வேறொன்று. 2020-ல் கே.எஸ்.ஆர்.டி.சி. தன் பழைய பஸ்களை மூணாறு டெப்போவில் நிறுத்தி, உள்ளே படுக்கைகள் அமைத்து, ஆளுக்கு 100 ரூபாய் என்று இரவு தங்கக் கொடுக்கத் தொடங்கியது. டெப்போவுக்குள் நிற்கும் பஸ் ஆனதால் காவலும் உண்டு. விடிந்ததும் ஏறிப் போக பஸ்ஸும் உண்டு. ஏழைக்கு ஏற்ற கேரவன் அதுதான்.

அனுமதியா, வெறும் கூடாரமா?

மலைப்பக்கம் போனால் "டென்ட் ஸ்டே" என்று பலகை தொங்காத வளைவு இல்லை. சில நல்ல இடங்கள். சில, யாரோ ஒருவர் தன் தோட்டத்தில் நான்கு கூடாரம் அடித்து வைத்தவை. இரண்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது.

2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே காட்டோரத்தில் கூடாரமடித்துத் தங்கிய ஓர் இளம்பெண்ணைக் காட்டு யானை மிதித்துக் கொன்றது. அதன்பின் அந்தப் பகுதியில் அனுமதியின்றி நடந்துவந்த தங்குமிடங்கள் மீது மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. யானைக்குத் துணிச் சுவர் ஒரு பொருட்டல்ல. ஆகவே பஞ்சாயத்து லைசென்ஸ் உண்டா, காட்டின் எல்லை எவ்வளவு தூரம், இரவில் ஆள் யார் இருப்பார்கள் என்று கேட்டு, நேரான பதில் கிடைத்தால் மட்டுமே அட்வான்ஸ் கொடுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

காட்டுக்குள் நாமே கூடாரம் அடிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கூடாது. நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி மூன்றும் வனவிலங்கு சரணாலயங்கள். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். வனத்துறையே குடில்களும் முகாம்களும் நடத்துகிறது. அவற்றில் முன்பதிவு செய்து தங்குவதே முறை.

பக்கத்தில் உள்ள இடங்கள்

நெய்யாறு அணை: நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. காட்டாக்கடை வழியாக பஸ் வசதி உண்டு. 1958-ல் கட்டி முடித்த அணை. பூங்கா, படகு, முதலை மையம் ஆகியவை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முன்பு பேர் பெற்றிருந்த சிங்க சஃபாரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்; 1984-ல் தொடங்கிய அந்தப் பூங்காவில் இப்போது சிங்கம் இல்லை. அருகே கோட்டூர் காப்புக்காட்டில் வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது. யானைக் குட்டிகளைக் குளிப்பாட்டுவதையும் தீனி கொடுப்பதையும் பார்க்கலாம். வார விடுமுறை நாளையும் பார்வை நேரத்தையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வயதான தாய் தந்தையர் உள்ள வீட்டுக்கு ஏற்ற இடம் இது. ஏற்றம் குறைவு, சாலை நல்லது, உடம்புக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானால் நகரத்துக்கு வந்துவிடலாம்.

பொன்முடி: நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக ஏறவேண்டும். 22 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 1,100 மீட்டர். மேலே அரசின் கே.டி.டி.சி. விடுதி இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் மேலே வேறு வழி குறைவு. ஆகவே பதிவு செய்யாமல் மாலையில் ஏறாதீர்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே இறங்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தச் சாலையை நம்ப முடியாது. 2022-ல் மண் சரிந்து சாலை இடிந்ததால் மாதக்கணக்கில் பொன்முடி மூடிக் கிடந்தது. பஸ்ஸில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு இரவு குளிரும் சேர்ந்தால் கஷ்டம், கம்பளி அவசியம்.

அகத்தியர் மலை: தமிழ் முனிவர் பெயர் கொண்ட மலை என்பதால் நம்மவர்களுக்குத் தனி ஆசை. 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வனத்துறை பாஸ் கொடுத்து அனுப்புகிறது. போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை ஒரு நாள் நடை. இரவு அங்கே தங்கி மறுநாள் சிகரம். ஐகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். ஆனால் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. டாக்டர் சான்றிதழும் வேண்டும். நல்ல கால்பலம் உள்ளவர்களுக்கு அருமையான யாத்திரை. குடும்பச் சுற்றுலாவுக்கு ஏற்றதல்ல.

தென்மலை: இரண்டு நாள் தங்க ஒரே ஓர் இடம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தம்பானூரிலிருந்து பாலோடு, குளத்துப்புழை வழியாகத் தென்காசி போகும் பஸ்கள் இந்த ஊர் வழியேதான் போகின்றன. சுமார் 70 கி.மீ. ரயிலில் போக விரும்பினால் கொல்லத்தில் மாறி செங்கோட்டை வண்டி பிடிக்க வேண்டும். 1904-ல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை இது. அகலப் பாதையாக்குவதற்காக 2010-ல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே நிறுத்தி, 2018-ல் மறுபடியும் திறந்தார்கள். தென்மலையைத் தாண்டிக் கழுதுருட்டி பக்கம் உள்ள 13 கண் பாலத்தைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இந்தியாவில் திட்டமிட்டு அமைத்த முதல் சூழல் சுற்றுலா மையம் என்று தென்மலையைச் சொல்கிறார்கள். அணை, படகு, மான் பூங்கா, தொங்கு பாலம் எல்லாம் நடந்து பார்க்கும் தூரத்திலும் ஆட்டோ தூரத்திலும் இருக்கின்றன. செந்துருணி சரணாலயத்துக்குள் வனத்துறையின் தங்குமிடங்கள் உண்டு. ஊருக்குள் தனியார் அறைகளும் உண்டு. சிறு பிள்ளைகள் இருந்தால் காட்டுக்குள் வேண்டாம். ஊருக்குள் தங்கி, பகலில் காட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி புனலூரில் இருக்கிறது. இன்னும் ஒரு வசதி: மறுநாள் கிழக்கே போனால் ஆரியங்காவு, பாலருவி, மலை இறங்கினால் செங்கோட்டை, குற்றாலம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் ஊரிலிருந்து உறவினரை வரச் சொல்லி நடுவழியில் சந்திக்கவும் முடியும்.

கடற்கரை: கோவளமும் வர்க்கலையும் பகலில் போய் இரவில் வீடு திரும்பக்கூடிய தூரம்தான். வர்க்கலைக்கு ரயில் நிறைய உண்டு. மணலில் கூடாரம் அடித்துத் தங்கும் எண்ணம் வேண்டாம். அலையும் ஏறும், ஆட்களும் எப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று சொல்ல முடியாது. சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள்.

கன்னியாகுமரி: செலவைக் கட்டிப் பிடிக்க வேண்டிய பெரிய குடும்பங்களுக்கு இது நல்லது. 1972-ல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் வளாகத்தில் குடும்ப அறைகளும் பொதுக் கூடங்களும் இருக்கின்றன. மரநிழல், மயில், சூரிய உதயம் பார்க்கக் கடற்கரை, சாப்பாட்டுக் கூடம், சுற்றுச் சுவர், வாசலில் காவல். புகையும் மதுவும் உள்ளே கிடையாது என்பதால் பெண்களுக்கு நிம்மதி. ரயிலில் போய் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். பாஷைத் தொல்லையும் இல்லை.

தண்ணீரில் இறங்கும் முன்

சுற்றுலா போன இடத்தில் குடும்பம் குலைவது பெரும்பாலும் தண்ணீரில்தான். நெய்யாறு நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. கரையில் துணி துவைக்கவோ கால் கழுவவோ உட்காராதீர்கள். பொன்முடி வழியில் உள்ள கல்லாறு பார்ப்பதற்குக் கணுக்கால் அளவுபோல் தெரியும். அதிலேயே வட்டக்கயம் போன்ற கசங்கள் பலரை விழுங்கியிருக்கின்றன. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். நீச்சல் தெரிந்தவன் என்ற தைரியம்தான் இங்கே முதல் எதிரி.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024, 2025 இரண்டு வருடங்களிலும் கேரளத்தில் அமீபா மூளைக் காய்ச்சல் பலருக்கு வந்து உயிர்களைப் பறித்தது. தேங்கிய குளம், குட்டை, சரியாகக் குளோரின் போடாத நீச்சல் தொட்டி ஆகியவற்றின் தண்ணீர் மூக்கு வழியாக ஏறும்போது இந்தக் கிருமி மூளைக்குப் போகிறது. குடிப்பதால் வருவதில்லை. தோட்டத்து விடுதிகளில் "எங்கள் குளத்தில் குளிக்கலாம்" என்று ஆசை காட்டினால் பிள்ளைகளைத் தலை முழுகவோ குதிக்கவோ விடாதீர்கள். போய் வந்தபின் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி கண்டால் தண்ணீரில் குளித்த விவரத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் சேற்று நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

மூடிய அறையில் அடுப்பு

குளிருக்குப் பயந்து செய்யும் ஒரு காரியம் குடும்பத்தையே முடித்துவிடும். 2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலையூர் விடுதியில், கேரளத்திலிருந்து போன இரு குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். ஒரு குடும்பம் நம் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கியதே காரணம். 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்ததாக ஆய்வில் தெரிந்தது.

இந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். ஆகவே கூடாரத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் மூடிய அறைக்குள்ளும் கரி அடுப்பு, ஸ்டவ், ஜெனரேட்டர் எதுவும் கூடாது. கொசுவுக்கு மூட்டம் போடுவதும் வெளியேதான். சமையல் செய்து சாப்பிடுவதுதான் நமக்குச் சிக்கனம் என்றால், சமையலுக்குத் தனி இடம் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் போனில் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலையாளத்தில் அறைக்கு 'முறி' என்று பெயர். வாடகை முறிக்கா, ஆளுக்கா? பிள்ளைகளுக்கும் கணக்கு உண்டா? கழிப்பிடம் அறையோடு சேர்ந்ததா, தூரமா? கரண்ட் போனால் விளக்கு உண்டா? பஸ் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும்? இரவில் ஆட்டோ வருமா? பக்கத்து ஆஸ்பத்திரி எது, அங்கே பாம்புக்கடி மருந்து உண்டா? குடித்துவிட்டு வரும் கூட்டத்தைத் தங்கவைப்பார்களா? மழை எச்சரிக்கையால் மூடினால் முன்பணம் திரும்ப வருமா? இவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் இரவிலும் பொறுப்பாக இருப்பார்.

பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். அட்டையில் தமிழ்நாட்டு விலாசம் இருப்பதால் தடை ஒன்றும் இல்லை. அட்டையே இல்லையென்றால்தான் தொல்லை. கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் சென்ற வருடம் போனவர் சொன்ன தொகையை நம்பிப் பையை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டு மழைக்காலங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் மலைப்பயணத்தைத் தள்ளி வையுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108. போலீஸ், தீயணைப்புக்கு 112. மலையில் போன் எடுக்காத இடங்கள் உண்டு என்பதால், எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

செய்யக்கூடிய ஒரு காரியம்

பணமுள்ளவனுக்கு ரிசார்ட் இருக்கிறது. தொழிலாளியின் குடும்பம் குறைந்த செலவில் பத்திரமாக ஓர் இரவு தங்கத் திருவனந்தபுரம் வட்டாரத்தில் இடம் போதவில்லை. அதனால்தான் பலகையைப் பார்த்து ஏமாந்து, அனுமதியில்லாத கூடாரத்தில் போய்ப் படுக்கிறார்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. பஸ்ஸில் படுக்கை போட்டு மூணாறில் காட்டிவிட்டார்கள். ரயில்வேயும் 2020-ல் கொரோனா சமயத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சில வாரங்களில் தனி வார்டுகளாக மாற்றியது. ஓய்வு கொடுத்த பெட்டிகளைப் பல நிலையங்களில் உணவகமாக நிறுத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டிகள் நான்கைத் தென்மலை நிலையத்தில் நிறுத்தி, தண்ணீரும் விளக்கும் கொடுத்து, குடும்பங்களுக்கு மட்டும் என்று நியாயமான வாடகைக்கு விடலாம். நெய்யாறு அணையில் பழைய பஸ்கள் இரண்டு நின்றால் போதும். சுற்றுலாத் துறையும் கே.எஸ்.ஆர்.டி.சி.யும் ரயில்வேயும் உட்கார்ந்து பேசினால் அடுத்த பொங்கலுக்குள் முடியக்கூடிய காரியம்.

அது வரும்வரை, அரசோ வனத்துறையோ நாலு பேர் அறிந்த நிறுவனமோ நடத்தும் இடத்தில் முன்பதிவு செய்து, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மாலை 5 மணிக்குள் அறையில் பையை வைத்தால், இடம் சரியில்லை என்று தெரிந்தாலும் திரும்பி வர பஸ் இருக்கும்.